அமைதிப் பலகைக்குக் கீழே ஒரு வரி

நான் பார்த்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் கௌரி போன வாரம் போன் எடுத்தாள். வாசிகசாலையில் தூசி தட்டும்போது, சுவரில் தொங்கும் "அமைதி" பலகையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் கண்டாளாம். "ஆபத்து நேரத்தில் சத்தம் போடலாம்."

"அண்ணே, இத யாரு எழுதினது? சட்டமா, விளையாட்டா?"

"நான்தான் எழுதினேன். மிஸ் எழுதச் சொன்னாங்க."

"என்னண்ணே? கேக்கல."

"நான்தான்."

"போன்ல பேசுறதே கேக்க மாட்டேங்குது. நீங்களா சத்தம் போடச் சொல்லி எழுதினீங்க?"

வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் வெட்கம் வந்துவிடும். "எழுதித் தாறேன்" என்றேன். அப்படியே வாசிகசாலையின் ஆண்டு மலருக்கும் போட்டுவிடலாம் என்றாள். அவள் கெட்டிக்காரி. மலருக்குக் கட்டுரை போதவில்லை என்று எனக்கு முன்பே தெரியும்.

நான் படித்தது ஹந்தானைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான். அதற்குமேல் படிக்க வசதியும் இல்லை, மார்க்கும் இல்லை. கண்டி டவுனில் கடைத் தெருவுக்கு மேலே மாடியில் இருக்கும் இந்த வாசிகசாலைக்கு உதவியாளராக வந்தேன். ஆட்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்று சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் வந்தேன். முழங்கால் படிக்கட்டை ஏற மறுக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

நூலகர் பரமேஸ்வரி மிஸ் யாழ்ப்பாணத்தவர். அவருக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று புத்தகம், மற்றது நிசப்தம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் புத்தகத்தை விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கதிரைக் கால்களுக்கெல்லாம் பழைய டயர் ரப்பர் வெட்டி ஒட்ட வைத்தார். பத்திரிகைகளை மரக் கம்பில் கோத்து வைப்போம். அந்தக் கம்பை மேசையில் எப்படி வைப்பது என்று எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பழக்கினார். முதலில் கம்பின் நுனி, பிறகு நடு, கடைசியாகக் கைப்பிடி. குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல.

பேசுகிறவர்களை அடக்குவதற்கும் முறை உண்டு. முதலில் பார்க்க வேண்டும். பார்த்தும் பேசினால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நின்றும் பேசினால் மேசை ஓரத்தில் ஒரு விரலை வைக்க வேண்டும். அதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் "ஷ்ஷ்".

"ஷ்ஷ் எண்டு சொல்லுறதும் சத்தந்தான், செல்வம்," என்பார் மிஸ். "வேற வழியில்லாட்டித்தான் சொல்ல வேணும்."

இந்த வேலை எனக்கு வாய்த்தது என் பாக்கியம். எனக்குப் பார்க்க வரும், நிற்க வரும், விரல் வைக்க வரும். பேசத்தான் வராது.

ஆட்களின் பெயரைக் கேட்கவும் கூச்சம். பத்திரிகை வாசிக்க வருகிறவர்களுக்கு அங்கத்துவம் தேவையில்லை; வருவார்கள், வாசிப்பார்கள், போவார்கள். அதனால் நானே மனதுக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தேன். வந்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போய், இறந்தவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பெரியவர், மரண அறிவித்தல் ஐயா. பென்சில் கொண்டுவரக் கூடாது என்று சொன்ன பிறகு விரல் நகத்தாலேயே கட்டங்களை நிரப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியை, குறுக்கெழுத்து டீச்சர். ஹயர் கிடைக்காத நேரத்தில் கீழே முச்சக்கரவண்டியை விட்டுவிட்டு வந்து கிரிக்கெட் வாசிக்கிறவர், விளையாட்டுப் பக்கம். எல்லோரும் அப்படித்தான். ஒருவருக்கும் தெரியாது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இன்னொருவர் ஃபேன் ஐயா.

தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். அம்பிட்டியவில் இருந்து பஸ்ஸில் வருவார். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன், ஆனால் பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நடு மேசைக்கு மேலே தொங்கும் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகும். அதற்கு நேர் கீழேதான் அவர் உட்காருவார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் எழுந்து கவுண்டருக்கு வருவார்.

"தம்பி, அந்த ஃபேன்."

"சொல்லியிருக்கேன் ஐயா."

"யார்கிட்ட?"

"மிஸ்கிட்ட."

"நேத்தும் அதைத்தான் சொன்னீங்க."

"நேத்தும் சொன்னேன் ஐயா."

வேறு கதிரைக்குப் போகலாமே என்று ஒருமுறை மிஸ் கேட்டார். "அதுதான் என் கதிரை," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஃபேனைத் தவிர என் செருப்பு, ஜன்னல், எதிர்வீட்டுக் கிளி, டீச்சர் நகத்தால் கீறும் சத்தம் எல்லாம் அவர் காதில் விழும். அவர் எழுந்து வருவதைக் கண்டால் எனக்கு அலுமாரிக்குப் பின்னால் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் மிஸ்ஸின் அண்ணா கொழும்பில் ரயில் நிலையத்தில் விழுந்து இறந்துபோனார். சுற்றி நிறையப் பேர் நின்றார்களாம். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்களாம். காரியங்கள் முடிந்து வந்த மிஸ் ஒரு வாரம் முதலுதவி பழக்குகிற ஆளைத் தேடினார். பிறகு பிலிமத்தலாவையிலிருந்து ரியாஸ் நானாவைக் கூப்பிட்டார்.

ரியாஸ் நானா ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஊர் ஊராகப் போய் முதலுதவி பழக்குவதுதான் இப்போது அவருக்கு வேலை. தொண்டு வேலை. குரல் மட்டும் சந்தை நாள் குரல். பௌர்ணமிப் போயா தினத்தில் வாசிகசாலை பூட்டியிருக்கும். அன்றைக்குப் பயிற்சி வைத்தோம். ஊழியர்கள் கொஞ்சம்தான் என்பதால் வாசகர்களும் வரலாம் என்று மிஸ் அறிவித்தல் ஒட்டினார். டீச்சரும், மரண அறிவித்தல் ஐயாவும், விளையாட்டுப் பக்கமும் வந்தார்கள். ஃபேன் ஐயா அறிவித்தலை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அன்னைக்கு எத்தன மணி வரைக்கும் சத்தமா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை.

நானா ஒரு பையைத் திறந்து பொம்மையை எடுத்துப் படுக்க வைத்தார். தலையும் நெஞ்சும் மட்டும்தான்.

"கால் எங்க?" என்றார் மரண அறிவித்தல் ஐயா.

"காலுக்கு நாங்க ஒண்டும் செய்யப் போறல்ல ஹாஜியார்," என்றார் நானா. பெரியவரின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பிறகுதான் பார்த்தார்.

முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார். தோளில் தட்ட வேண்டும். உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். நான் முழந்தாளிட்டுப் பொம்மையின் தோளைத் தட்டி, "ஐயா," என்றேன்.

நானா காதில் கை வைத்துக் குனிந்தார். "தம்பி, நீங்க இந்த மனிசன எழுப்ப வந்தீங்களா, தாலாட்ட வந்தீங்களா?"

மறுபடியும் கூப்பிட்டேன்.

"இன்னும் சத்தமா!"

"சத்தமாச் சொல்லுங்கோ, செல்வம்," என்றார் மிஸ், காதோடு காதாக. அவருடைய முறை வந்தபோது அவருக்கும் வரவில்லை. நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மண்டபத்தில ஒரு மனிசன் விழுந்தா, அவன் மவுத்தான விஷயம் அடுத்த நாள் பேப்பரப் பார்த்துத்தான் தெரியவரும்," என்றார்.

மரண அறிவித்தல் ஐயா அதற்குத் தலையாட்டினார்.

நெஞ்சை அமுக்குவது எனக்கு ஓரளவு வந்தது. நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதி, அதற்குமேல் மற்றக் கை. புத்தகங்களுக்குத் திகதி முத்திரை குத்திக் குத்திக் கைக்கு ஒரு வேகம் பழகியிருந்தது. "வேகம் சரி," என்றார் நானா. "ஆனா மணிக்கட்டால குத்தப்படாது. முழங்கைய மடக்காம, தோளால எறக்குங்க. நல்லா எறக்கணும், முழுசா மேல வர விடணும். எலும்பு நொறுங்கற மாதிரி இருந்தாலும் நிப்பாட்டப்படாது." முத்திரையைத் தோளால் குத்துவதாக நினைத்துக்கொண்டேன். சரியாக வந்தது.

இன்னொன்றும் சொன்னார். மூச்சுத் திணறிக் குறட்டை மாதிரி எப்போதாவது ஒரு சத்தம் வரும், அதை மூச்சு என்று நம்பி ஏமாறக் கூடாது. அதோடு, "யாராவது போன் பண்ணுங்கன்னு சொன்னா ஒருத்தரும் பண்ண மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளப் பார்ப்பாங்க. ஆளக் காட்டிச் சொல்லணும். நீலச் சட்ட, நீங்க போன் பண்ணுங்க. குட வெச்சிருக்கிற அம்மா, நீங்க இங்க வாங்க. அப்படி."

மிஸ் இதைக் கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சத்தம் போட்டுப் பழகினேன். முதல் தரமே மனைவி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "பாம்பா?" இல்லை என்றேன். "அப்புறம் ஏன் கத்துனீங்க?" பயிற்சி என்றேன். "இத்தன வருஷம் உப்பு கேக்கக்கூட சைகை காட்டுன மனுசன்," என்று சொல்லிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எனக்குக் குளியலறையிலும் குரல் எழும்பவில்லை.

அது நடந்தது பத்திரிகைகள் வந்து, ஆட்களும் நிறைந்து, எல்லோரும் வாசிப்பில் ஆழ்ந்திருந்த ஒரு காலையில். ஃபேன் ஐயா எழுந்தார். கையில் பத்திரிகைக் கம்பு. கவுண்டரை நோக்கி வந்தார். நான் அலுமாரிப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

"தம்பி, அந்த..." என்றார்.

அதற்குமேல் சொல்லவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்தார், கை வழுக்கியது, அப்படியே சரிந்து விழுந்தார். கம்பு தரையில் பட்டுப் பெரிய சத்தம் கேட்டது.

மண்டபம் முழுவதும் "ஷ்ஷ்" என்றது. ஒருவரும் தலை நிமிரவில்லை.

நான் கவுண்டரைச் சுற்றி ஓடினேன். தோளைத் தட்டினேன். "ஐயா! ஐயா!" கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. நெஞ்சில் அசைவில்லை. பிறகு தொண்டையிலிருந்து ஒரு குறட்டை. எட்டிப் பார்த்த மரண அறிவித்தல் ஐயா, "தூங்குறாரு போல. பாவம், வெயில்ல வந்திருப்பாரு," என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பினார். பயிற்சிக்கு வந்த மனிதர்! அடுத்த குறட்டைக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "யாராவது வாங்க! யாராவது வாங்க!" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

மண்டபம் இன்னும் பெரிதாக "ஷ்ஷ்" என்றது. மூலையில் இருந்த ஒருவர் தலை தூக்காமலே கையை நீட்டி "அமைதி" பலகையைக் காட்டினார். நானே தொங்கவிட்ட பலகை. அவர்களையெல்லாம் அப்படிப் பழக்கியதும் நான்தான்.

"மன்னிக்கணும்," என்றேன்.

உண்மையாகவே சொன்னேன். ஒரு மனிதர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறார், நான் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும். யாருடைய பெயரும் தெரியாது. சட்டை நிறம் பார்க்க நேரமில்லை. வாயில் வந்தது மனதுக்குள் இருந்த பெயர்கள்தான்.

"மரண அறிவித்தல் ஐயா! ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!"

பெரியவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "என்னையா?"

"உங்களத்தான்! தெனமும் அந்தப் பக்கத்தத்தானே பாக்குறீங்க! இவரு மூச்சு விடல!"

"நான் உலகச் செய்தியும் வாசிக்கிறேன்," என்றார். சொல்லும்போதே போனை எடுத்து அழுத்திவிட்டார். அதை நான் மறக்க மாட்டேன். கோபத்திலும் இலக்கம் பிழைக்கவில்லை.

"விளையாட்டுப் பக்கம்! கீழ ஓடுங்க! படிக்கட்டு யாருக்கும் தெரியாது, ரோட்டுல நின்னு அவங்களக் கூட்டிட்டு வாங்க!" அவர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. ரப்பர் ஒட்டியும் பயனில்லை.

"குறுக்கெழுத்து டீச்சர்! இங்க வாங்க! நான் களைச்சதும் நீங்க அமுக்கணும்!"

டீச்சர் ஏற்கனவே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

நான் அமுக்கத் தொடங்கினேன். தோளால். முத்திரை, முத்திரை, முத்திரை. கையின் கீழே ஏதோ முறிந்ததுபோல ஒரு சத்தம். என் கை ஒரு கணம் நின்றது.

"நிப்பாட்டாதீங்க!" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்லும் குரலில்.

நிறுத்தவில்லை. ஃபேன் ஐயாவின் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. எத்தனையோ வருடங்கள் தினமும் என்னிடம் வந்து பேசிய ஒரே மனிதர் இவர்தான் என்பது அப்போதுதான் தோன்றியது. மற்றவர்கள் எல்லோரும் தலையசைப்பதோடு சரி.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடாப் போத்தலோடு நின்றார். ஒருவர், வலிப்பென்று நினைத்து, அவர் கையில் சாவிக்கொத்துக் கொடுங்கள் என்றார். இன்னொருவர் எங்கிருந்தோ வெங்காயம் கொண்டுவந்தார்; வாசிகசாலைக்கு வெங்காயம் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. சோடாக்காரர் குனிந்து அவர் வாயில் ஊற்றப் போனார்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ! எல்லாரும் விலத்தி நில்லுங்கோ! காத்து வரட்டும்!"

பரமேஸ்வரி மிஸ். கவுண்டருக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் ஓடியது, குரல் மட்டும் உடையவில்லை. கீழே கடைத் தெருவிலும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வெங்காயம், சோடா, சாவிக்கொத்து எல்லாம் சுவர் வரைக்கும் பின்வாங்கின.

நானும் டீச்சரும் மாறி மாறி அமுக்கினோம். பெரியவர் போனைச் சத்தமாகப் போட்டு எங்களுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். விளையாட்டுப் பக்கம் ஆம்புலன்ஸ்காரர்களை இழுத்துக்கொண்டே மேலே வந்தார். அவர்கள் நெஞ்சில் இரண்டு ஒட்டுத் தகடுகளை ஒட்டினார்கள். பெட்டி ஒன்று ஆங்கிலத்தில் உரத்துப் பேசியது. யாரும் "ஷ்ஷ்" சொல்லவில்லை. எல்லோரையும் விலகச் சொல்லி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், மறுபடி அமுக்கினார்கள். பிறகு ஒருவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "தியெனவா," என்றார் சிங்களத்தில். இருக்கிறது. அதைத் தமிழில் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தரையிலேயே இருந்தேன். மண்டபம் முழுவதும் பேச்சு. அடக்க யாரும் இல்லை.

"மரண அறிவித்தலாம்," என்றார் பெரியவர். "என் பேரு சுப்பையா."

"குறுக்கெழுத்தாவது பரவாயில்ல," என்றார் டீச்சர். "அறிவுள்ள விஷயம்."

மிஸ் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்; இழுத்த சத்தம் கேட்டது. "செல்வம், எனக்கும் ஒரு பேர் இருக்கோ?"

"இல்ல மிஸ்."

"இருக்கும்," என்றார்.

இருந்தது. மிஸ் இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். ஆனால் மலர் அங்கேயும் போகிறதாம். அதனால் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. அவர் கதிரையில் ஒருவரும் உட்காரவில்லை. ஃபேன் மட்டும் அதற்கு மேலே முனகிக்கொண்டே இருந்தது. காலையில் பெரியவர் வந்ததும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் கடைசிப் பக்கங்களைத் திறந்து, ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, எங்களை நோக்கித் தலையை இடம் வலமாக ஆட்டுவார். இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதி. கடைசியில் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, ஆள் கண் திறந்துவிட்டார் என்று வந்து சொன்னார். ஒரு நாள் விளையாட்டுப் பக்கம் மேசைமேல் ஏறி ஃபேனுக்கு எண்ணெய் போட்டார். சத்தம் நின்றுவிட்டது. அதுவும் நன்றாக இல்லை.

மிஸ் என்னைக் கூப்பிட்டுப் பலகையை இறக்கச் சொன்னார். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அவர் சொன்ன வரியைச் சின்னத் தூரிகையால் எழுதினேன். "பெரிசா எழுதாதேங்கோ," என்றார். "பிறகு எல்லாத்துக்கும் ஆபத்து எண்டு சொல்லுவினம்."

ஒரு காலை, படிக்கட்டில் மெதுவாக, நின்று நின்று ஏறும் காலடி கேட்டது. மகள் கையைப் பிடித்திருக்க, ஃபேன் ஐயா வந்தார். மெலிந்திருந்தார். யாரும் எழும்பவில்லை, யாரும் பேசவில்லை. ஆனால் ஒருவரும் வாசிக்கவும் இல்லை. அவர் தன் கதிரையில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

அலுமாரிக்குப் பின்னால் நான் போகவில்லை.

"தம்பி, அந்த ஃபேனுக்கு என்ன ஆச்சு?"

"எண்ணெ போட்டோம் ஐயா."

"ம்." முகம் விழுந்துவிட்டது. "இப்ப ரொம்ப அமைதியா இருக்கு. உக்காந்தா தூக்கம் வருது."

"சரி ஐயா. மிஸ்கிட்ட சொல்றேன்."

போகவில்லை. கவுண்டரில் கையூன்றி நின்றார். "வெலா எலும்பு உடைஞ்சிருக்காம். டாக்டர் யாரு அமுக்கினதுன்னு கேட்டாரு. வாசிகசாலைத் தம்பின்னு சொன்னேன். இருமுனா உயிர் போற மாதிரி வலிக்குது." மார்பைத் தடவிக்கொண்டார். "இருமுறதுக்காவது நான் இருக்கேனே."

முத்திரையை எடுத்து, மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அன்னைக்கு ரொம்ப சத்தம் போட்டீங்களாமே?"

"கொஞ்சம் ஐயா."

"எல்லாருக்கும் பேரு வெச்சிருந்தீங்களாம். சுப்பையா ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாரு, இன்னும் கோவமாத்தான் இருக்காரு." கவுண்டருக்கு மேலே சாய்ந்தார். "எனக்கு என்ன பேரு?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"கேக்கல தம்பி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

இன்னொரு தரம் சொன்னேன்.

"சத்தமா!"

நிமிர்ந்து, மூச்சை இழுத்து, "ஃபேன் ஐயா!" என்றேன். மண்டபமே திரும்பியது.

அவர் உடனே உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்," என்றார். பிறகு போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார்.